பறி கடித்த பல்

1

கோட்டைக்குப்பத்தில் இதை யார் வாசித்துக் காட்டுகிறீர்களோ, கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். துணி மூட்டையில் குறி போட்டுப் பழகிய கை இது. எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். நான் கடலுக்கு இந்தப் பக்கம், பத்தாவியாவில் இருக்கிறேன். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கட்டியிருக்கிற கோட்டையைப்போல நாலைந்தைச் சேர்த்து வைத்த மாதிரி ஒரு கோட்டை இங்கே இருக்கிறது. அதன் நிழலில் பதினெட்டு வருஷம் ஓடிப்போயிற்று. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

என் பெண்சாதி கன்னியம்மா செத்துப்போய் நேற்றோடு ஒரு வருஷம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போன வருஷமே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு கப்பல் பழவேற்காட்டுக்குப் போயின. துக்கத்தில் கை ஓடவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். எனக்குத் துக்கம்கூடச் சரியாக வரவில்லை. அடிபட்ட கை கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்குமே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு வருஷமாக நீண்டுகொண்டிருக்கிறது.

நேற்றுக் காலையில் ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்து காக்கைக்குச் சோறு வைத்தேன். காக்கை வரவில்லை. பக்கத்து வீட்டுச் சீனாக்காரரின் கோழி வந்து தின்றுவிட்டுப் போயிற்று. சரி, வந்தவர்தான் விருந்தாளி என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நேற்று மாதத்தின் முதல் திங்கட்கிழமை. எனக்கு ஓய்வு கிடையாது.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. சிரிக்காமல் கேளுங்கள். நான் வாய் பார்க்கிறவன்.

கும்பினிக் கப்பல் ஒல்லாந்திலிருந்து இங்கே வந்துசேர ஆறேழு மாதம் ஆகும். இறங்குகிற மாலுமிகளில் பாதிப் பேருக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடிக்கொண்டிருக்கும். அது பல்லுக்கு வந்த நோய் இல்லையாம், உடம்புக்கு வந்தது. ஆனால் பல்லுக்குத்தான் முதலில் தெரிகிறது. கால் வீங்குவதற்கு முன்னால், ஆறிப்போன காயம் மறுபடி திறந்துகொள்வதற்கு முன்னால், ஈறு சொல்லிவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட பெரிய வைத்தியர் துரை ஒரு சட்டம் போட்டார். கப்பலிலும் துறையிலும் கிடங்கிலும் வேலை செய்கிற ஒவ்வொருவனும் மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். வலித்தாலும் சரி, வலிக்காவிட்டாலும் சரி. முதல் இரண்டு மாதம் துரையே பார்த்தார். அப்புறம் நாற்றம் தாங்காமல் துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மீன் நாற்றத்தில் பிறந்தவனை இது என்ன செய்யும் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்தது சரிதான். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

வேலை பெரிதில்லை. வெளிச்சம் முகத்தில் விழும்படி ஆளை உட்கார வைப்பேன். கட்டைவிரலால் ஈறை அழுத்துவேன். அழுத்தின இடம் வெளுத்து உடனே சிவந்தால் நல்ல ஈறு. பள்ளம் அப்படியே நின்றாலோ ரத்தம் எட்டிப்பார்த்தாலோ ஆளைத் தனியே நிறுத்துவேன். அப்புறம் சின்ன இரும்புக் கம்பியால் ஒவ்வொரு பல்லையும் தட்டுவேன். ஒன்றுமில்லை என்று எல்லோரும்தான் சொல்லுவார்கள், ஏனென்றால் பல் பிடுங்குகிற குறடு பக்கத்து மேசையிலேயே இருக்கும். கெட்ட பல்லைத் தட்டும்போது மட்டும் கண் இமை தானாகத் துடிக்கும். கடைசியில் மூச்சை முகர்ந்து பார்ப்பேன்.

கிடங்குக் காவல்காரன் ஒருவன், ஆள் மலை மாதிரி இருப்பான். அவன் ஈறு பஞ்சு மாதிரி இருந்தது, மூச்சில் பழுத்த பழ வாசனை அடித்தது. துரையிடம் சொன்னேன். அவர் விசாரித்ததில் நீரிழிவு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு சோற்றையும் சாராயத்தையும் குறைத்து இன்றுவரை நடமாடுகிறான். பல்லில் சீழ் வைத்ததைக் காட்டாமல் மறைத்த இரண்டு பேர் சில மாதம் கழித்து மார்பைப் பிடித்துக்கொண்டு செத்ததையும் பார்த்திருக்கிறேன். பல்லில் பிடித்தது ரத்தத்தோடு போய் எங்கே வேண்டுமானாலும் உட்காரும் என்று துரை சொல்லுவார். வீட்டுக்குள் வருகிற கரையான் முதலில் நிலைப்படியில்தானே ஏறும். அதனால்தான் மாதா மாதம் நிலைப்படியைப் பார்க்கச் சொல்கிறார்.

நேற்று எண்பது வாய்க்கு மேல் பார்த்தேன். கை தானாகப் போயிற்று. சாயங்காலம் கிளம்பும்போது ஒரு வாய்கூட நினைவில் இல்லை.

2

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருப்பவர்களுக்குக் கன்னியம்மாவின் தொழிலைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் காகிதம் கைமாறிக் காட்டூர் வரைக்கும் போகலாம். நெல் விதைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீருக்குள் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவார்கள். அகப்பட்டதைப் போடுவதற்குப் பனையோலையில் முடைந்த ஒரு பறி. இரண்டு கையும் சேற்றில் இருக்கிறதல்லவா, அதனால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். விடிந்ததும் கடித்தால் வெயில் உறைக்கும்வரை விடுவதில்லை. இறால் விழ விழப் பாரம் ஏறும். தாடை கடுத்துப்போனால் பக்கம் மாற்றிக் கடிப்பார்கள். பல்தான் அவர்களுக்கு மூன்றாவது கை. பல் போனவளைச் சேற்றுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், கரையில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்களுக்குத் தலை நரைப்பதைவிடப் பல் ஆடுவதுதான் பெரிய பயம்.

நான் கடலோரத்தான். கும்பினித் துணி மூட்டைகளை முகத்துவாரத்தின் வழியாகக் கப்பலுக்குக் கொண்டுபோகிற படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நீர் வற்றிப் படகு தரை தட்டியது. பக்கத்தில் குந்தியிருந்த பெண்ணிடம் ஆழம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. செவிடு போலிருக்கிறது என்று கத்திக் கேட்டேன். அவள் பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வாயில பறி கீது, பாத்துக்கினே கேக்கிறியே, ஒனக்கு கண்ணு தெரில?" என்றாள். அதற்கு அப்புறம்தான் கையை நீட்டி ஆழத்தைக் காட்டினாள். படகில் இருந்தவர்கள் அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டினார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்த கதை. சேறு தடவுகிறவர்கள் வீட்டில் பெண் எடுத்தால் நம் படகில் எவன் ஏறுவான் என்று எங்கள் நைனா கேட்டார். அவள் வீட்டிலும் என்னை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கப்பலில் ஆள் பற்றாமல் இருந்தது, இரண்டு பேரும் ஏறிவிட்டோம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு யார் மேலும் கோபமில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

3

இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு ஒரு பாஷையும் தெரியாது. மூன்று நாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் கடல் வற்றுகிற நேரத்தில் மூக்கை உறிஞ்சி, "சேறு இருக்குதுய்யா" என்றாள். வாசனை பிடித்துக்கொண்டே போய் ஆற்று வாயில் சதுப்பைக் கண்டுபிடித்தாள். அங்கே குட்டையாக ஒரு பனை வளர்கிறது. அதன் ஓலையை வெட்டி அன்றைக்கே பறி முடைந்துவிட்டாள். கூடையை வாயில் கடித்துக்கொண்டு தண்ணீரில் ஊர்கிற பெண்ணைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது. அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பத்தாவியாவின் ஒல்லாந்துச் சீமாட்டிகள் தின்ற இறாலில் பாதி என் பெண்சாதி கையில் அகப்பட்டதுதான் என்று நான் பெருமை அடித்துக்கொள்வதுண்டு.

பெண் ஒன்று பிறந்தது. பொன்னி என்று வைத்தோம். கோவில் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானம் கொடுத்துத் தொமிங்கா என்று மாற்றிவிட்டார்கள். அங்கே போர்த்துக்கீசு பாஷைதான் பேச்சு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் அதில் பதில் சொல்லுவாள். சேற்றில் காலை வைக்கமாட்டாள். அம்மா வருகிற வழியில் தோழிகளோடு நின்றிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பறியைக் கடித்துக்கொண்டு வருகிற தாயைக் கண்டு வெட்கம். கன்னியம்மா அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அதுக்கு அங்க சோறு கெடைக்குது, சிரிக்குது. போவட்டும்" என்பாள்.

அவள் வாயை மட்டும் என்னிடம் காட்டியதே இல்லை. வாய் பார்க்கிற வேலை கிடைத்த புதிதில், புதுச் செருப்புப் போட்டவன் மாதிரி எல்லோரிடமும் நடந்து காட்டினேன். வாயைத் திற, நானே பார்க்கிறேன் என்று அவளிடமும் கேட்டேன். "ஊரான் வாயெல்லாம் நோண்டுன கை. அத்த என் வாயில வெக்காத" என்று சாம்பலையும் புளியையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு நான் கை தேய்த்துக் கழுவாமல் சோற்றில் கை வைத்ததில்லை, அவளிடம் வாயைக் காட்டு என்று கேட்டதும் இல்லை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நம் பக்கத்தில் சொல்லுவோமே, அவளும் தினம் ஒரு குச்சியை மென்று துப்பினாள். அது போதும் என்று இருந்துவிட்டேன். துறையில் நிற்பவன் எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அவள் எப்போதும் வலப்பக்கம்தான் கடிப்பாள். அவள் சாவதற்கு முந்தின மழைக்காலம் முடிந்து ஒரு நாள், சதுப்பு ஓரமாகப் படகில் போனபோது பார்த்தேன். பறி இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் பறி பக்கம் மாறினால் தாடை கடுத்துப்போயிற்று, வயசாகிறது என்று அர்த்தம், அதைச் சொல்லிக் கேலி செய்வோம். நானும் அதைத்தான் செய்தேன். "இன்னா கிழவி, பக்கம் மாத்திக்கினியா?" என்று படகிலிருந்தே கேட்டேன். வாயில் பறி இருந்ததால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த நாளும் இடப்பக்கம்தான் கடித்தாள், அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஏரிக்கரையில் வளராத எவனாவது அதைப் பார்த்திருந்தால், ஏன் அந்தப் பக்கம் கடிக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருப்பான். எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்ததால் நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழம்பில் போட கிராம்பு வேண்டும் என்றாள். கிராம்பு இங்கே கும்பினிச் சரக்கு, வெளியில் அவ்வளவு லேசாகக் கிடைக்காது. ஆனால் ஆஸ்பத்திரியில் பல்வலிக்காக வைத்திருப்பார்கள். துரையைக் கேட்டு வாரம் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தேன். ஆறு வாரம் கொடுத்திருப்பேன். ஆறு வாரமும் குழம்பில் கிராம்பு வாசனை வரவில்லை. தினம் நூறு கிராம்பு முகர்கிற மூக்கு இது, அதையும் கேட்கவில்லை.

சொத்தைப் பல்லில் கிராம்பை அதக்கினால் அந்தப் பக்கமே மரத்துப்போகும். வலி தெரியாது. வலி நின்றதும் பல் குணமாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதே, உள்ளே சீழ் வைத்துக்கொண்டிருக்கும் என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்திருக்கிறது.

4

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் சேற்றுக்குப் போகவில்லை. வலது தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தால் பலகை மாதிரி இருந்தது, காய்ச்சல் அடித்தது. வாயைத் திற என்றேன். அன்றைக்கு அவள் மறுக்கவில்லை, ஆனால் திறக்க முடியவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குமேல் தாடை விலகவே இல்லை. பத்து வருஷமாக ஊரார் வாயைத் திறக்கிறவன் அவள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துரை ஆற்றுக்கு மேலே யாரோ ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போயிருந்தார், திங்கட்கிழமை வருவார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமானால் கந்தோரில், கும்பினி எழுத்தர்கள் இருக்கிற இடத்தில், சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள். ஓடினேன். அங்கே இருந்த எழுத்தன் பெரிய காகிதத்தை விரித்துக்கொண்டு கேட்டான். பெயர் என்ன, ஊர் என்ன, எந்தக் கோவில் புத்தகத்தில் கலியாணம் பதிந்திருக்கிறது என்றான். எங்கள் கலியாணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். அப்படியானால் அவள் உன் பெண்சாதி இல்லை என்று சொல்லி, என் வீட்டில் இருக்கிற பெண் என்று எழுதினான். பழவேற்காட்டை அவர்கள் வாயில் வருகிறபடி பலியக்கட்டா என்று எழுதினான். என்ன நோய் என்று கேட்டான்.

தாடை, கழுத்து, வீக்கம், சீழ், மூச்சுத்திணறல், எல்லாவற்றுக்கும் அவர்கள் பாஷையில் எனக்குச் சொல் தெரியும். தினமும் சொல்கிற சொற்கள்தான். அந்த நேரத்தில் பல்வலி என்றுதான் சொன்னேன். அவனுக்குப் பின்னால் இருந்தவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறவன் மாதிரி நடித்துக் காட்டினான். எழுத்தனும் சிரித்துவிட்டான். என் காகிதத்தைக் கட்டின் அடியில் சொருகினான். அவனைக் குற்றம் சொல்லி என்ன? பல்வலிக்காக யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? எனக்கே அது அந்த நிமிஷம் வெறும் பல்வலியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. கஞ்சி உள்ளே போகவில்லை. பொன்னியை அவள் தைக்கப் போகிற வீட்டிலிருந்து கூட்டி வந்தேன். வந்ததும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பல் இரண்டு மாதமாக வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியுமாம். நைனாவிடம் சொன்னால் துரையிடம் சொல்லிப் பிடுங்க வைத்துவிடுவார், அப்புறம் பறியை எதால் கடிப்பது என்று சொல்லி, கன்னியம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பொன்னி இதைத் தமிழில்தான் சொன்னாள். கன்னியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மூடின பல்லுக்கு நடுவிலிருந்து, "புடுங்கிடச் சொல்லுய்யா. பறி வேணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கந்தோர் கிடையாது.

மறுநாள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. வரிசை முடிகிற நேரத்துக்குத் துரை வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். வேறு எங்கே போய் நின்றாலும் அவரைப் பிடிக்க முடியாது. அதனால் பொன்னியை அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் துறைக்குப் போனேன். போனபோதே வரிசை நின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்து வாய் பார்க்க ஆரம்பித்தேன். சீக்கிரம் முடித்தால் துரை சீக்கிரம் வருவார் என்று ஒரு கணக்கு. ஈறை அழுத்தினேன், பல்லைத் தட்டினேன், அடுத்தவன் என்றேன். உச்சிக்கு அவர் வந்தார். சொன்னேன். அந்த மனிதர் ஒரு சீட்டும் கேட்கவில்லை. கத்தி, குறடு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் என்னோடு ஓடி வந்தார். அவ்வளவு கனத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

வாசலில் பொன்னி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் துரை பையைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீக்கம் மூச்சுக்குழலை அடைத்துவிட்டது என்றார். வெள்ளிக்கிழமை கீறிவிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் ஒரு பல்லோடு போயிருக்கும். அதையும் சொன்னார், மறைக்கவில்லை. சீட்டு மறுநாள் கந்தோரிலிருந்து வந்தது.

5

ஊருக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போகாத நாள் ஒன்று மாதத்தில் எப்படியும் வரும். அன்றைக்கு வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், வலிக்கவில்லை என்றுதான் சொல்லுவார்கள். வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால், பல் ஆடினால், ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் மென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். பறியின் பக்கம் மாறினால் சிரிக்காதீர்கள். பல் போனவள் கரையில் உட்கார்ந்து தலை கிள்ளட்டும், அது ஒன்றும் கேவலம் இல்லை. உட்கார்ந்திருப்பாள் அல்லவா.

கன்னியம்மா போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை. சூடாக எதையாவது தொட்டால் கொஞ்சம் தாமதமாகத்தான் கையை எடுக்கிறேன். வேலை மட்டும் பிசகில்லாமல் நடக்கிறது. முன்னைவிட நன்றாகப் பார்க்கிறேன் என்று துரை சொல்கிறார்.

பொன்னி தைக்கிற வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப்பார்ப்பாள். பதினேழு வயதாகிறது. வந்தால் எனக்கு எதிரே உட்கார்ந்து போர்த்துக்கீசில் நாலு வார்த்தை பேசுவாள். நான் தமிழில் நாலு வார்த்தை பேசுவேன். அம்மாவைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை. அந்தச் சத்தியத்தை அவள் சுமக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சுமக்கிறதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நேற்று திதி என்பதால் சாயங்காலம் வந்தாள். அவளே இறால் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றை இடப்பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மென்றாள். வலது கன்னம் அசையவில்லை.

என் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது. ஒரு வருஷமாக ஒன்றும் உறைக்காத உடம்பு உச்சந்தலையிலிருந்து உதறியது. நான் பயந்துவிட்டேன். பயம் என்ற ஒன்று எனக்கு மிச்சம் இருக்கிறதென்றே அப்போதுதான் தெரிந்தது.

எழுந்துபோய்ச் சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்தேன். ஒரு முறை கழுவி, திருப்தியில்லாமல் மறுபடியும் கழுவினேன். வாசல் பக்கம் இன்னும் வெயில் இருந்தது. அங்கே வந்து உட்காரச் சொன்னேன். எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று போர்த்துக்கீசில் சொன்னாள். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். நான் விடவில்லை. அவளுக்கு எரிச்சல் வந்தது. நான் உங்கள் துறையில் நிற்கிற ஆள் இல்லை என்றாள்.

"உங்கம்மா பக்கம் மாத்தினத பாத்தேன் கண்ணு. பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்" என்றேன். "ஒன்ன அப்டி வுட மாட்டேன். வாயத் தொற."

அவள் வந்து வெயிலுக்கு நேரே உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள்.

முன்பல், கோரைப்பல், அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். இமை துடிக்கவில்லை. ஈறு நன்றாக இருந்தது. வலப்பக்கம், கீழ்வரிசை, கடைசியில் போய் நின்றேன். அங்கே ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு புதுப்பல் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. நேராக வராமல் கன்னத்தைப் பார்த்துச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கொஞ்சம் சிவந்திருந்தது. அழுத்தினால் சீழ் இல்லை. மூச்சை முகர்ந்தேன், இறால் குழம்பு வாசனைதான் வந்தது.

ஒன்றுமில்லை, புதுப்பல் முளைக்கிறது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிரு, அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷத்து அழுகை. பொன்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. நான் ஓய்ந்த பிறகு தன் விரலை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தாள்.

"நைனா, அம்மாக்கும் இந்தப் பல்லு இப்டித்தான் கோணலா இருந்துச்சா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

கிடங்குக் காவல்காரனுக்கு மேல்வரிசையில் இரண்டு இல்லை. துறைத் தச்சனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. எனக்கு முகம் மறந்துபோனவர்களின் பல்கூட நான் வரிசையாகச் சொல்லுவேன். கன்னியம்மாவோடு பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். அவள் வாய்க்குள் ஒரு பல்லைக்கூட நான் பார்த்ததில்லை.

"தெரியலம்மா. நான் பாக்கல" என்றேன்.

"அப்ப யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். ஏரியில் அவளோடு சேர்ந்து குந்தி இறால் தடவின பெண்கள் உங்களில் இன்னும் இருப்பார்கள். அவள் அக்காள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் அவளையும் கேளுங்கள். பறியை வைக்க அவள் வாயைத் திறந்தபோதோ, எதற்காவது வாய்விட்டுச் சிரித்தபோதோ உங்களில் ஒருவர் பார்த்திருப்பீர்கள். வலப்பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். அது நேராக இருந்ததா, கன்னத்துப் பக்கம் சாய்ந்திருந்ததா என்று வருகிற கப்பலில் சொல்லி அனுப்புங்கள். பெண் கேட்கிறாள்.